கேளாமலே சொன்னவர்

சென்னையில் ஜப்பானிய உணவு விடுதி ஒன்றில் நான் உணவருந்தினேன் என்றால் எங்கள் கோட்டைப்பட்டினத்தார் நகைப்பார்கள். மீனும் சோறும் உண்டு வளர்ந்த மதரஸா ஆசிரியனுக்கு ஜப்பான் சாப்பாடு எதற்கு என்று கேட்பார்கள். ஆயினும் அங்கே நான் பெற்ற பாடத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

மதரஸாவுக்குக் கிதாபுகள் வாங்க மண்ணடிக்குச் சென்றிருந்தேன். என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் ஒரகடத்தில் பணிபுரிகிறார். அங்கே ரெனோ - நிசான் கார் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளை ஒட்டிச் சென்னையில் வந்து தங்கிய ஜப்பானியருக்காக உணவு விடுதிகளும் தோன்றின. “ஹஜ்ரத், இன்று என்னோடுதான் சாப்பிட வேண்டும்” என்று வற்புறுத்தி, அவற்றுள் சிறியதொன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார்.

ஆடம்பரம் சிறிதும் இல்லாத இடம். ஆறு மேசைகள், மர நாற்காலிகள், சுவரில் ஒட்டிய விலைப்பட்டியல். மாணவர் இனிப்புச் சாறில் வாட்டிய கோழியும் சோறும் கொண்டுவரச் சொன்னார். கோழி எவ்வாறு அறுக்கப்பட்டது, சாறில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற ஐயம் என் நெஞ்சில் எழுந்தது. ஆனால் நா எழவில்லை. பட்டணத்தில் நம்மைப் பட்டிக்காட்டான் என்று எண்ணிவிடுவார்களோ என்ற வெட்கம்!

சற்று நேரத்தில் சமையற்காரரே வெளியே வந்தார். மணிப்பூரைச் சேர்ந்த இளைஞர், முஸ்லிம் அல்லர். என் தொப்பியைப் பார்த்துவிட்டு, “சார், நீங்கள் கேட்ட கோழியில் மிரின் ஊற்றுகிறோம். அது மது. கோழியும் ஹலால் கடையில் வாங்கியதன்று. உங்களுக்கு வேண்டாம்” என்றார். மிரின் என்பது அரிசியிலிருந்து செய்யும் இனிப்பு மது. அதில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு சாராயம் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அவரே வேறு வழியும் சொன்னார். சட்டியைக் கழுவி, உப்பு மட்டும் தடவி அயிலை மீனை வாட்டித் தந்தார். சூப்பில் சேரும் சோயா விழுதின் பொட்டலத்தையும் கொண்டுவந்து காட்டினார். அந்தச் சூப்பை வாயில் வைத்ததும் திடுக்கிட்டேன். என் தாயார் உரலில் இடித்த மாசியின் மணம்! நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கும் மாசியைப் போலவே, ஜப்பானியரும் சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்தி, மெல்லியதாகச் சீவிச் சூப்புக்கு இடுகிறார்களாம். அல்ஹம்துலில்லாஹ், எங்கோ உள்ள கடலும் நம் கடலும் ஒரே இறைவனின் கடல்தானே!

ஆனால் எதிரே இருந்த மாணவர் சோற்றில் கைவைக்கவில்லை. “இரண்டு ஆண்டுகளாக இங்கே அந்தக் கோழியைத்தான் சாப்பிடுகிறேன், ஹஜ்ரத். ஒருநாளும் கேட்கவில்லை” என்றார். அவர் கண்கள் கலங்கின. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு ஏது தகுதி? ஹலால் எது, ஹராம் எது என்ற பட்டியலை அவருக்கு மனனம் செய்வித்தவன் நான். அந்நிய ஊரில், அந்நியர் முன்னே, வாய் திறந்து கேட்கும் துணிவைக் கற்பித்தேனா? அன்று நானே கேட்கவில்லையே!

“அறியாமல் நடந்ததற்குத் தவ்பாச் செய்யுங்கள், இனி அறிந்து உண்ணுங்கள்” என்று மட்டும் சொன்னேன். அந்தச் சொல் எனக்கும் சேர்த்துத்தான்.

ஊர் திரும்பியபின் என் வகுப்பில் ஒரு புதிய பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். ஒரு பிள்ளை கடைக்காரர். மற்றொரு பிள்ளை வாடிக்கையாளர். “இறைச்சி எங்கே வாங்கியது? என்ன எண்ணெய்? மது சேர்ந்துள்ளதா?” என்று உரக்க, பணிவாகக் கேட்க வேண்டும். முதலில் சிரித்தார்கள். இப்போது தயக்கமின்றிக் கேட்கிறார்கள்.

வாசகர்களே, படிப்புக்கும் பிழைப்புக்கும் நம் பிள்ளைகள் தொலைவூர்களுக்குச் செல்கிறார்கள். பெட்டியில் ஊறுகாயும் மாசியும் வைத்து அனுப்புகிறோம். கேட்கும் நாவையும் கொடுத்து அனுப்புவோமாக. எல்லா ஊரிலும் அந்த மணிப்பூர் இளைஞர் இருக்கமாட்டார்.