பித்தளைக்குள் ஈயம் வந்த வழி

யாழ்ப்பாணத்துக் காரைநகர்க் கிணற்றடிகளில் பூட்டியிருக்கும் வால்வு, குழாய்த்திறப்பு போன்றவற்றில், சூடாக்கி அச்சில் அடித்த பித்தளைச் சாமான்கள் பெரும்பாலும் ஒரே கலவைதான்: செம்பு ஏறத்தாழ 60 வீதம், நாகம் 38, ஈயம் 2. குடிதண்ணீர் தொடும் பொருளுக்குள் ஈயம் எதற்கு? ஈயம் மென்மையான உலோகம், அது இருந்தால்தான் பித்தளை சூட்டில் இளகி அச்சுக்குள் இறங்கும் என்று எண்ணத் தோன்றும். கலவையின் பிறப்பைத் தேடிப்போனால் சான்றுகள் இதற்கு எதிராகவே நிற்கின்றன.

தேடல் கப்பலின் அடிப்புறத்துக்குக் கொண்டுபோகிறது. கடற்புழு அரிக்காமலிருக்க மரக்கப்பல்களுக்குச் செப்புத்தகடு போர்த்திய காலம் அது. பேர்மிங்காமைச் சேர்ந்த ஜோர்ஜ் பிரெடரிக் மன்ட்ஸ், செம்பைவிட மலிவான தகடு தேடி, 60 பங்கு செம்பும் 40 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளைக்கு 1832இல் காப்புரிமை பெற்றார். அதைச் சூட்டிலேயே உருட்டித் தகடாக்க முடிந்தது. நாகம் ஏறத்தாழ 37 வீதத்தைத் தாண்டும்போது பித்தளைக்குள் பீற்றா என்னும் இரண்டாவது அவத்தை தோன்றுகிறது. 700 பாகை செல்சியஸ் அளவில் அது மிக எளிதில் வளைந்துகொடுக்கும். ஆகவே அச்சில் இறங்கும் குணம் நாகம் தந்தது. ஈயமோ 327 பாகையிலேயே உருகிவிடும். பீற்றா இல்லாத பித்தளையில் அது மணிகளுக்கு இடையே திரவமாக நின்று, அடிக்கும்போது வெடிப்பை உண்டாக்கும். பீற்றா உள்ள பித்தளை அதைத் தாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ஈயத்தைச் சேர்த்தது லேத்துக்காக: மரை வெட்டும்போது சீவல் நீளச் சுருளாமல் சிறு துண்டாக உதிரவும், வெட்டுக்கத்தி நீடிக்கவும்.

ஈயத்தை நீக்கினால் கடைசல் செலவு ஏறும் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் ஈயத்துக்குப் பதிலாகச் சிலிக்கனோ பிஸ்மத்தோ சேர்ந்த கலவைகள் சந்தையில் இருக்கின்றன. அமெரிக்கா 2014 முதல் குடிநீர்ப் பொருத்துகளில் ஈயத்தைச் சராசரி 0.25 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியபோது தொழில் நின்றுவிடவில்லை. அடிப்பதை விட்டு வார்ப்புக்கே திரும்பலாமே என்றால், அடித்த பித்தளையில் வார்ப்பின் நுண்துளைகள் இல்லை; மெல்லிய சுவரும் கசியாது. அந்த நன்மையை இழக்க வேண்டியதில்லை.

காரைநகருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: உப்பு. குளோரைட்டு மிகுந்த நீர் பித்தளையிலிருந்து நாகத்தை உருவிவிடும். எஞ்சுவது பஞ்சுபோன்ற செம்பு. முதலில் அரிபடுவது பீற்றாதான், அடிப்பதற்கு உதவிய அதே பீற்றா. இங்குள்ள சுண்ணக்கல் நீரின் கடினத்தன்மை காப்பாற்றாதா என்று கேட்கலாம். ஓரளவு காப்பாற்றும், கடல்நீர் உட்புகுந்து குளோரைட்டு ஏறினால் அந்தக் காப்பு போதாது. இதற்காகவே சிறிதளவு ஆசனிக்கு சேர்த்த பித்தளை வந்தது. அதைப் பீற்றா இருக்கும் சூட்டில் அடித்து, பிறகு 500 பாகைக்குச் சற்று மேலே சில மணிநேரம் வைத்தால் பீற்றா பெருமளவு கரைந்துவிடும். காரைநகர்ச் சீநோர் படகுத்தளம் அறிமுகப்படுத்திய கண்ணாடியிழைப் படகுகள் போன்றவற்றின் நீர்மட்டத்துக்குக் கீழான வால்வுக்கு நான் அப்போதும் வெண்கலத்தையே கேட்பேன். ஆசனிக்கு உப்பின் சிக்கலைத்தான் தீர்க்கிறது; வழக்கமான வகையில் ஈயம் 2 வீதமளவில் அப்படியே இருக்கிறது. இரவு முழுதும் குழாயில் நின்று ஈயம் ஊறிய தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள் என்பது மற்ற ஊர்களுக்குச் சொல்லும் அறிவுரை. குடிதண்ணீர்ப் பவுசர் வரவைப் பார்த்திருக்கும் ஊரில் அதைச் சொல்ல எனக்கு மனம் வராது. இங்கே குடிதண்ணீர்க் குழாய்க்கு ஈயம் குறைத்த பித்தளையே வேண்டும்.