நூற்றிப் பத்து டிரம் தண்ணீர்

கே.ஜி.எஃப். என்று சொன்னாலே இப்போது எல்லோருக்கும் 2018-ல் வந்த கன்னடப் படம்தான் ஞாபகம். "அங்கிள், அங்கேயா பிறந்தீங்க?" என்று பெர்த் தமிழ்ப் பையன் ஒருவன் கண்ணை விரித்தான். எனக்குத் தெரிந்த கே.ஜி.எஃப்.பில் துப்பாக்கியெல்லாம் கிடையாதுங்க. மாரிகுப்பம் லைன் வீடு, சயனைடு மேடு, குழாயடி வரிசை. அவ்வளவுதான்.

இந்தப் பதிவு என் வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றி. பந்தா இல்லை. இந்த ஊரில் பழைய வீடு வாங்கினால் பல சமயம் குளமும் சேர்ந்தே வரும். 44,000 லிட்டர். பி.காம். படித்துவிட்டு வங்கியில் கடன் ஃபைல் பார்க்கிறவனுக்குக் கெமிஸ்ட்ரி எங்கே தெரியும்? மூன்று வருஷமாகக் குளோரின் மாத்திரையை மிதவையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

போன டிசம்பர் வெயிலில் குளம் அரை அடி இறங்கிவிட்டது. தண்ணீர் பில்லை மிச்சம் பிடிக்கலாமே என்று தோட்டத்து போர் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். (பெர்த்தில் போர் தண்ணீர் பட்ட மதில்கள் எல்லாம் காவி பூசியது போல் இருக்கும். அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை.) அன்று ராத்திரி குளோரினையும் ஒரு கை தாராளமாகப் போட்டேன். காலையில் குளம் டிகாக்‌ஷன் கலரில் இருந்தது. இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது, ஆனால் படிக்கட்டெல்லாம் பழுப்புக் கறை. கடைக்காரர் "பாசி" என்று இன்னும் குளோரின் போடச் சொன்னார். போட்டேன். கறை இன்னும் கறுத்தது. மகளின் பிறந்தநாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அப்போது அப்பா எங்களோடு இருந்தார். அவர் சுரங்கத்துக்குள் இறங்கியவர் இல்லை. மேலே மில்லில், சயனைடு தொட்டிகளில் ஷிப்ட் வேலை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடிய பிறகு மில்லைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

குனிந்து கறையைத் தடவிப் பார்த்தார். "இன்னாடா, போர் தண்ணி வுட்டியா?" சட்டைப் பையில் இருந்த வைட்டமின் சி மாத்திரையை எடுத்துக் கறையின் மேல் அழுத்திப் பிடித்தார். ஒரு நிமிஷம். கையை எடுத்தால் மாத்திரை அளவுக்கு வெள்ளை வட்டம்!

"இது அழுக்கு இல்லடா, இரும்பு. தண்ணியில கரைஞ்சிருந்தா கண்ணுக்குத் தெரியாது. வெளிய தள்ளினாத்தான் தெரியும்."

மில்லில் அதுதான் வேலையாம். அரைத்த கல்லில் இருக்கும் தங்கத்தைச் சயனைடு தண்ணீரில் கரைப்பது, பிறகு துத்தநாகத்தைப் போட்டு வெளியே எடுப்பது. என் குளத்தில் இரும்பை வெளியே தள்ளியது குளோரின். கறை போகட்டும் என்று நான் போட்டதுதான் கறையை உட்கார வைத்திருக்கிறது.

அதோடு விட்டாரா? மாத்திரை டப்பாவைத் திருப்பிப் படித்தார். 'சயனூரிக்' என்று பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "குழந்தையை அந்தாண்ட இட்டுனு போ!" மேட்டுத் தூசி காற்றில் வந்து சோற்றுத் தட்டில் விழுந்த ஊரில் வாழ்ந்தவர். அது சயனைடு இல்லை, பேரில் மட்டும்தான் சொந்தம், வெயிலில் குளோரின் அழியாமல் காப்பது என்று விளக்கினேன். ஆனால் அவர் சந்தேகம் வீண் போகவில்லை. மாத்திரையில் பாதிக்கு மேல் அதுதான். குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது. சோதித்தால் லிட்டருக்கு 140 மில்லிகிராம்! 30 முதல் 50 போதும். எங்கள் பாஷையில் சொன்னால் லியன் போட்ட கணக்கு: பேலன்ஸ் தெரியும், எடுக்க முடியாது. வழி ஒன்றுதான். பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுசு விட வேண்டும்.

சண்டை அங்கேதான் வந்தது.

"22,000 லிட்டரா? நூத்திப் பத்து டிரம்முடா! பேத்தமங்கலம் தண்ணி எப்ப வரும்னு உங்கம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து குடம் வெச்சா."

"இது கே.ஜி.எஃப். இல்லப்பா" என்றேன். எரிச்சலில் வந்த வார்த்தை. இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை.

ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தினேன். குளோரின் பூஜ்யத்துக்கு வந்தது. பம்ப்பைப் போட்ட அன்று பார்த்தால் அப்பா ஹோஸைக் கையில் பிடித்து நிற்கிறார். எலுமிச்சை, புல்தரை, வேலியோரச் செடிகள் என்று மூன்று நாள் பாத்தி பாத்தியாக விட்டார். ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகவில்லை.

பிறகு செய்தது இதுதான். குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பி, அஸ்கார்பிக் ஆசிட் (அதே வைட்டமின் சி) அரைக் கிலோ தூவினோம். ஒரு மணி நேரத்தில் படி வெளுத்தது. இரும்பு மறுபடி கரைந்துவிட்டது, போய்விடவில்லை! அதைப் பிடித்து வைக்கும் மருந்தை ஊற்றி, பி.எச்.சை 7.2-ல் நிறுத்தி, திரவக் குளோரினைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். அவசரப்பட்டால் கறை திரும்பி வரும். பிறந்தநாளன்று யாரையும் குளத்தில் இறங்க விடவில்லை. மகள் அழுதாள்.

நீங்களும் இறைப்பதாக இருந்தால் கவுன்சில் விதியைப் பாருங்கள். முழுக்க இறைக்காதீர்கள், நிலத்தடி நீர் குளத்தையே தூக்கிவிடும். வேறு வேறு குளோரின் வகைகளை ஒன்றாகக் கலக்கவே கலக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

அப்பா ஒரு பழைய டைரியில் தேதி, நேரம், பி.எச்., குளோரின் என்று கோடு போட்டு தினம் இரண்டு வேளை எழுதினார். "மில்லுல சுண்ணாம்பு அளவு குறைஞ்சா விஷவாயு வரும். ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதுவோம்" என்றார். இருபது வருஷத்துக்கு மேல் பேசாதவர், அந்த மாதம் முழுக்க மில்லைப் பற்றியே பேசினார். பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கடைசி வரை குளத்தில் மட்டும் இறங்கவில்லை.

மார்ச்சில் ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"பி.எச். எவ்ளோ?"

"7.4 பா."

"எழுதி வெச்சியா?"

இல்லை. போனை வைத்துவிட்டு டைரியைத் தேடினேன்.