கைமாறும் கருவியும் கைக்குழந்தையும்

கைமாறி வரும் பொருள்களால் ஆனதே நம் குடும்ப வாழ்வு எனின் அது மிகையாகாது. மூத்த பிள்ளை ஆடிய தொட்டிலில் இளைய பிள்ளை உறங்கும். பாட்டி பால் புகட்டிய வெள்ளிச் சங்கு பேத்தியின் மகளுக்கும் பால் புகட்டும். அக்காள் வீட்டுக் குழந்தையின் சட்டை தங்கை வீட்டுக் குழந்தைக்கு அளவாக அமையும். இதில் சிக்கனம் மட்டுமன்று, பாசமும் உண்டு. நாம் வாழும் சிம்மக்கல் பகுதியோ பழம்பொருளை இகழ்ந்தறியாதது. அருகிலுள்ள திலகர் திடலின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய மோட்டாரையும் மின்விசிறியையும் வாங்கிப் பழுது பார்த்துப் பயன்படுத்திய கைகள் இங்கே ஏராளம். ஆகவே, "பிறர் பயன்படுத்தியது வேண்டா" என்று சொல்லும் துணிவு நமக்கு எளிதில் வருவதில்லை.

அத்துணிவு வேண்டியிருந்த ஒரு பொருளைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றோம். அது தாய்ப்பால் எடுக்கும் பம்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்தது. எடை குறைவு, மார்பில் உறிஞ்சிக் குடிக்கும் வலிமை இல்லை. பாலை எடுத்துத்தான் புகட்ட வேண்டும் என்றனர் மருத்துவர். செய்தி பரவிய இரண்டாம் நாளே, வளைகுடா நாட்டிலிருந்து திரும்பியிருந்த உறவுப் பெண் ஒருவர், தாம் பயன்படுத்திய மின்சாரப் பம்பைத் துடைத்துப் பையிலிட்டு அனுப்பி வைத்தார். "வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும், புதிது மாதிரிதான்" என்று சொல்லியும் அனுப்பினார். வீட்டுப் பெரியவர்கள் அதை ஆமோதித்தனர். சங்கைக் கழுவிப் பயன்படுத்தவில்லையா, இதையும் அவ்வாறே செய்யலாமே என்பது அவர்கள் வாதம்.

வாதம் நேர்மையானதே. ஆயினும் சங்குக்கும் பம்புக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. சங்கு திறந்த பாத்திரம். அதன் உள்ளும் புறமும் கண்ணுக்குத் தெரியும், கொதிநீர் முழுவதும் பாயும். பம்பு அப்படியன்று. மார்பில் பொருத்தும் புனல், வால்வு, பாட்டில் ஆகியவற்றைக் கழற்றிக் கொதிக்க வைக்கலாம். ஆனால் மோட்டாரின் உட்புறத்தை எவரும் கொதிக்க வைக்க இயலாது. சில பம்புகளில் பால் செல்லும் வழிக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்புச் சவ்வு இருக்கின்றது. சிலவற்றில் அது இல்லை. தடுப்பு இல்லாதவற்றில், காற்றோடு கலந்த பால் துளிகளும் ஈரமும் குழாய் வழியே மோட்டார் வரை சென்று தங்கக்கூடும். அங்கே பூசணமும் பிடிக்கலாம். நாம் அக்கருவியைக் கழற்றிப் பார்த்தபோது, பாட்டில் பளிங்குபோல் இருந்தது; குழாயின் வளைவிலோ மங்கலான கறையொன்று காய்ந்து கிடந்தது. மோட்டாரைத் திறந்து பார்க்க வழியே இல்லை.

எச்.ஐ.வி., சைட்டோமெகலோ வைரஸ் போன்ற கிருமிகள் தாய்ப்பாலில் இருக்கக்கூடியவை. நோயின் அறிகுறி எதுவும் இல்லாத தாயிடமும் அவை இருக்கலாம். ஆதலால் தயங்குவது கொடுத்தவரைச் சந்தேகிப்பதாகாது. அவரே அறியாததை நாம் எங்ஙனம் அறிவது? அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், ஒருவருக்கென்றே செய்யப்பட்ட பம்பை மற்றொருவர் பயன்படுத்தலாகாது என்றே அறிவுறுத்துகின்றது. பலர் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்ட பம்புகளும் உண்டு. மருத்துவமனைகளில் இருப்பவையும் வாடகைக்குக் கிடைப்பவையும் பெரும்பாலும் அவையே. அவற்றிலும் புனல், குழாய், பாட்டில் அடங்கிய தொகுதி ஒவ்வொரு தாய்க்கும் தனித்தனியே புதிதாக வேண்டும். அட்டையில் "மருத்துவமனைத் தரம்" என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புதல் போதாது. அச்சொல்லுக்கு ஒரே சீரான வரையறை இல்லை. பலருக்குரியதா என்பதை அதன் கையேட்டில் தேடிப் பார்த்தலே முறை. பழைய மோட்டார் இழுக்கும் வலிமையை இழந்திருக்கவும் கூடும். அப்போது பால் சரியாக வராமல், தாய் தன்னிடம் பால் இல்லையென்று வீணே கலங்குவாள்.

பம்பு தன்னுடையதேயானாலும் தூய்மையில் அசட்டை கூடாது. 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தையொன்று குரோனோபாக்டர் என்னும் கிருமியால் கடுந்தொற்றுக்கு ஆளாயிற்று. வீட்டில் பம்பின் உறுப்புகளைச் சோப்பு நீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசி மட்டும் எடுத்து வந்திருக்கின்றனர். அக்கிருமி அந்தப் பம்பிலும் சமையலறைத் தொட்டியின் வடிகாலிலும் காணப்பட்டது. இதற்குப் பின்னர் வெளியான அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை எளிது. பயன்படுத்தியவுடன் உறுப்புகளைக் கழற்றி ஓடும் நீரில் அலச வேண்டும். பிறகு பாத்திரத் தொட்டியில் இடாமல், இதற்கெனவே வைத்த தனிப் பாத்திரத்தில் சோப்பு நீரும் தனி பிரஷும் கொண்டு தேய்த்து, மீண்டும் அலசிக் காற்றில் உலர்த்த வேண்டும். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றிய குழந்தைக்கும் நாளுக்கு ஒரு முறையேனும் உறுப்புகளை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்தல் நலம்.

நம் இல்லத்தில் என்ன செய்தோம் எனின், அந்தப் பம்பை நன்றி கூறித் திருப்பி அனுப்பினோம். செவிலியர் ஒருவர் கையால் பால் எடுக்கும் முறையை மகளுக்குக் கற்பித்தார். கைகளைக் கழுவி, மென்மையாக வருடி, கருவட்டத்தின் பின்புறம் விரல்களை வைத்து அழுத்தி அழுத்தி விடுதலே அம்முறை. காசு செலவில்லை; கழுவ வேண்டிய குழாயும் இல்லை. முதல் நாள் சில துளிகளே வந்தன. அவற்றைப் பாலாடையில் ஏந்திப் புகட்டினோம். நாளடைவில் பால் பெருகியது. பிறகு கையால் இயக்கும் புதிய பம்பு ஒன்றை வாங்கிக்கொண்டோம். உறவுப் பெண்ணுக்குச் சிறிது மனத்தாங்கல் இருந்தது உண்மை. குழந்தை தேறியதைக் கண்டபின் அது மறைந்தது.

வைகையைக் கடந்தால் உள்ள அரசு இராசாசி மருத்துவமனைக்கும் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில் தாய்ப்பால் வங்கி கிடைத்தது. இத்தகைய வங்கிகளில் பால் தரும் தாயின் இரத்தத்தைச் சோதிக்கின்றனர். பெற்ற பாலை 62.5 டிகிரி செல்சியஸில் முப்பது நிமிடம் சூடேற்றிக் குளிரூட்டி வைக்கின்றனர். பிறர் பாலைப் புகட்டுவது பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு; 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி பால் வங்கிகளை ஏற்கவில்லை. அவ்விவாதம் ஈண்டு நம் பொருளன்று. பகிர்தலுக்கு எத்துணைக் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்கே இதனைச் சுட்டினோம்.

எந்தக் குழந்தை எவரிடம் பால் குடித்தது என்பதைத் தலைமுறை கடந்தும் நினைவில் வைத்துப் பால்வழி உறவைப் பேணுவது நம் மரபு. குழந்தையின் வாயில் சேர்வது எது என்பதில் அத்துணைக் கவனம் கொண்ட நாம், கருவி விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளலாமா? தொட்டிலைக் கொடுங்கள், சங்கைக் கொடுங்கள். பம்பு கொடுக்க எண்ணினால், பலருக்குரியதா எனப் பார்த்துப் புதிய தொகுதியோடு கொடுங்கள். இல்லையேல் புதியதன் விலையில் ஒரு பங்கைக் கொடுங்கள். பெறுபவர் கேட்கக் கூசுவார். ஆகவே "இது எனக்கு மட்டும் உரியது" என்று கொடுப்பவரே முந்திச் சொல்லிவிடுதல் இன்னும் பெரிய கொடை.