ரப்பர் விசைகளின் காலம்

1982 ஏப்ரல் 23 அன்று பிரிட்டனில் கிளைவ் சின்கிளேர் ஒரு புதிய கணினியை அறிமுகப்படுத்தினார். பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 16 கிலோபைட் நினைவகம் உள்ளது 125 பவுண்டு. 48 கிலோபைட் உள்ளது 175 பவுண்டு. நீளம் 23 சென்டிமீட்டர், அகலம் 14. ரிக் டிக்கின்சன் வடிவமைத்த அந்தக் கறுப்புப் பெட்டியின் முகத்தில் 40 ரப்பர் விசைகள்; வலது ஓரத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை, இளநீலம் எனச் சாய்வாக நான்கு கோடுகள். தனியாகத் திரை கிடையாது. வீட்டு டிவியின் ஆன்டெனா துளையில் ஒயரைச் செருக வேண்டும். வட்டு கிடையாது, பாட்டுக் கேட்கும் கேசட் ரெக்கார்டரே போதும். ஆன், ஆஃப் சுவிட்சுகூடக் கிடையாது. பிளக்கைச் செருகினால் உயிர் வரும், பிடுங்கினால் போய்விடும்.

உயிர் வந்ததும் தெரிவது ஒரு வெள்ளைத் திரை. அடிவரியில் சின்கிளேர் நிறுவனத்தின் பெயரும் 1982 என்ற ஆண்டும். வேறொன்றும் இல்லை. சொன்னால் செய்கிறேன் என்று அது காத்திருக்கும்.

அந்தத் தலைமுறை நிரலாளர்கள் பலருக்கு இன்றும் இந்த இயந்திரத்தின் மேல் தீராத பிரியம். போன இளமைக்கு ஏங்குகிறார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. ஏக்கமும் அதில் உண்டுதான். ஆனால் அதற்கு அடியில் நியாயமான ஒரு கோரிக்கை இருக்கிறது: ஒரு மனிதர் முழுவதுமாகத் தெரிந்துகொள்ளக் கூடிய கணினி வேண்டும் என்பது. ஸ்பெக்ட்ரம் அப்படி இருந்தது.

விசைப்பலகையிலிருந்தே தொடங்கலாம். ஸ்பெக்ட்ரமில் 'பிரின்ட்' என்ற கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டியதில்லை. 'பி' விசையை ஒருமுறை அழுத்தினால் முழுச் சொல்லும் வந்து விழும். 'ஜி' என்றால் கோ டு, 'ஆர்' என்றால் ரன், 'ஜே' என்றால் லோடு. ஒரே விசையில் ஐந்தாறு வேலைகள்; விசையின் மேலும் கீழும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பார்த்தால் தலை சுற்றும், பழகினால் விரல் தானாகப் போகும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் நினைவகத்தில் ஒரே ஒரு பைட்டில் அடங்கியது. வரியை எழுதி என்டர் தட்டும்போதே இலக்கணம் சரிபார்க்கப்படும். பிழை இருந்தால் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி மினுக்கும், திருத்தும்வரை வரி உள்ளே போகாது. பத்து வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொறுமையான வாத்தியார் கிடைப்பது கடினம்.

கூடவே வந்த கையேட்டை எழுதியவர் ஸ்டீவன் விக்கர்ஸ். கணினிக்குள் இருந்த பேசிக் மொழியை எழுதியதும் அவரே. செய்தவரே சொல்லிக்கொடுத்ததால் அந்தக் கையேட்டில் மழுப்பல் இல்லை. எப்படி இயக்குவது என்பதோடு நிற்காமல் எப்படி நிரல் எழுதுவது என்பதைப் பாடம் பாடமாகச் சொன்னது. நினைவகத்தின் எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பதுவரை வந்தது. அடுத்த ஆண்டே, 1983-இல், இயன் லோகனும் ஃபிராங்க் ஓ'ஹாராவும் ஸ்பெக்ட்ரமின் 16 கிலோபைட் நிரந்தர நினைவகத்திலிருந்த நிரல் முழுவதையும் வரிவரியாகப் பிரித்து விளக்கி ஒரு புத்தகமாகவே போட்டார்கள். ஒரு கணினியின் மூளையைத் தலையிலிருந்து கால்வரை ஒரே புத்தகத்தில் படித்து முடிக்க முடிந்தது. இன்றைய கைப்பேசிக்கு அப்படி ஒரு புத்தகம் எழுத யாராலும் ஆகாது.

விளையாட்டுக்கு வருவோம். கேசட்டைச் செருகி, 'ஜே' அழுத்தி, இரண்டு மேற்கோள்குறி போட்டு என்டர் தட்டி, ரெக்கார்டரில் பிளே அழுத்த வேண்டும். முதலில் ஒரே சீராக ஒரு ஊளைச் சத்தம். அப்போது திரையின் விளிம்பில் சிவப்பும் இளநீலமுமாக அகலப் பட்டைகள் மெல்ல நகரும். பிறகு சத்தம் கரகரக்கும். பட்டைகள் நீலமும் மஞ்சளுமாகி, மெலிந்து, துடிக்க ஆரம்பிக்கும். அழகுக்காக வைத்ததல்ல இது. நாடாவிலிருந்து வரும் ஒலியின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றையும் கண்டுகொண்டதற்கு அடையாளமாகக் கணினி விளிம்பு நிறத்தை மாற்றுகிறது. பட்டைகளின் நடையைப் பார்த்தே சரியாக ஏறுகிறதா இல்லையா என்று பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள். விநாடிக்குச் சுமார் 1,500 பிட் வேகம். நினைவகம் நிரம்ப நாலைந்து நிமிடம் ஆகும். கடைசி நொடியில் பிழைச் செய்தி வந்தால் நாடாவைத் திருப்பிச் சுற்றி, ஒலியளவைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ மறுபடி முதலிலிருந்து.

இடையில் முகப்புப் படம் வரும். அது மேலிருந்து கீழாக ஒழுங்காக வராது. திரை மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு பகுதியிலும் எட்டு வரிக்கு ஒரு வரியாக விட்டுவிட்டுத் தோன்றி, பிறகு இடைவெளிகள் நிரம்பும். அதுவரை கறுப்பு வெள்ளைதான். எல்லாம் முடிந்த பிறகு கடைசி 768 பைட்டுகள் வந்து வண்ணங்களை அப்பிவிட்டுப் போகும்.

அந்த 768 பைட்டில்தான் ஸ்பெக்ட்ரமின் மிகப் பெரிய குறையும், அதன் தனி அழகும் அடங்கியிருக்கின்றன. திரையில் 256-க்கு 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே நிறம் கொடுத்தால் 24 கிலோபைட் வேண்டும். மொத்த நினைவகத்தில் பாதி அதற்கே போய்விடும். அதனால் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறம் என்று வரம்பு வைத்தார்கள். வேலை 6,912 பைட்டில் முடிந்தது. ஆனால் ஒரு மஞ்சள் ஆள் பச்சை மரத்தின் முன்னால் நடந்தால் மரமும் மஞ்சளாகிவிடும். இதைச் சமாளிக்க அந்தக் காலத்து இளைஞர்கள் செய்த வேலைகளைத் தனிக் கலை என்றே சொல்ல வேண்டும். 1984-இல் வந்த நைட் லோர் விளையாட்டில் அறை முழுவதையும் ஒரே நிறத்தில் வரைந்து, அந்தச் சிக்கனத்திலேயே முப்பரிமாணத் தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மேத்யூ ஸ்மித் என்ற பதின்பருவ இளைஞர் தனி ஆளாக எழுதிய மேனிக் மைனரில், விளையாடிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் இசை ஒலித்தது. ஸ்பெக்ட்ரமில் இசைக்கென்று தனிச் சில்லு இல்லை. ஒலிபெருக்கியை அசைப்பதும், சுரங்கத்துக்குள் விளையாட்டின் நாயகன் வில்லியைத் தாவவைப்பதும், எதிரிகளை நகர்த்துவதும் எல்லாம் 3.5 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரே இசட்80 செயலியின் வேலை.

எதிர்முகாமில் கமோடோர் 64 இருந்தது. அதே 1982-இல் அமெரிக்காவில் 595 டாலருக்கு வந்தது. பாப் யான்னஸ் வடிவமைத்த அதன் ஒலிச் சில்லு ஒரே நேரத்தில் மூன்று குரலில் பாடும். உருவங்களை நகர்த்தத் தனி வன்பொருளும் உண்டு. பிரிட்டிஷ் பள்ளி மைதானங்களில் இந்த இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டது அந்தத் தலைமுறையே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. இதில் கவனிக்க வேண்டியது, எந்தக் கட்சி என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகள் தீர்மானிக்கவில்லை என்பதுதான். அப்பாவின் சம்பளம் தீர்மானித்தது. வீட்டுக்கு வந்த இயந்திரம் எதுவோ, அதன் பக்கம் நின்று வாழ்நாள் முழுக்க வாதாடினார்கள்.

ஸ்பெக்ட்ரமைவிட விலை கூடிய இன்னொன்று பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் வந்தபோது மாடல் பி 335 பவுண்டு. கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் உருவாக்கியது. அரசு மானியத்தோடு பள்ளிகளுக்குள் போனது. கேம்பிரிட்ஜ் மாணவர்களான டேவிட் பிராபெனும் இயன் பெல்லும் 1984-இல் எலீட் விளையாட்டை எழுதியது இதற்காகத்தான். எட்டு அண்டங்கள், அண்டத்துக்கு 256 கோள் மண்டலங்கள். அவற்றைப் பட்டியலாகச் சேமிக்க அதன் 32 கிலோபைட்டில் இடமேது? சில எண்களை விதையாக வைத்து, வேண்டும்போது கணக்குப் போட்டு ஒவ்வொரு உலகத்தையும் முளைக்கவைத்தார்கள். வில்சனும் ஃபர்பரும் அடுத்து வடிவமைத்த செயலிதான் ஏஆர்எம். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு இயங்கியது. இன்று ஏறக்குறைய எல்லாக் கைப்பேசிகளிலும் அதன் வாரிசுகளே ஓடுகின்றன.

பணமிருந்தும் வாங்க முடியாத நாடுகளும் இருந்தன. யூகோஸ்லாவியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. அங்கே வோயா அன்டோனிச் 1983-இல் விடுமுறைக்குப் போன இடத்தில் யோசித்து, விலை கூடிய வீடியோ சில்லு இல்லாமல் செயலியையே திரைக்குப் படம் அனுப்பவைக்கும் ஒரு சுற்றை வரைந்தார். கலாக்சியா என்று பெயரிட்டு அதன் வரைபடத்தைப் பத்திரிகைச் சிறப்பிதழில் வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் பாகங்களை வரவழைத்து வீட்டிலேயே பற்றவைத்தார்கள். நிரந்தர நினைவகம் நான்கே கிலோபைட் என்பதால் பிழைச் செய்திகள் மொத்தம் மூன்று: 'என்ன?', 'எப்படி?', 'மன்னிக்கவும்'. பெல்கிரேட் வானொலியில் ஸோரான் மோட்லி தன் நிகழ்ச்சியில் நிரல்களின் கரகரப்பை அப்படியே ஒலிபரப்பினார். நேயர்கள் கேசட்டில் பதிவு செய்து கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். ஆரம்பக் கணினிகளின் வரலாற்றில் இதைவிட நெகிழவைக்கும் பக்கம் இல்லை.

இந்தியாவுக்கு இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு, ஆனால் அது வரவேற்பறை அல்ல. 1984-85-இல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தவை இதே பிபிசி மைக்ரோக்கள்தாம். ஆனால் பிரிட்டிஷ் பிள்ளை கம்பளத்தில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு தட்டிய கணினியை இங்கே பூட்டிய அறையில், செருப்பைக் கழற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு பீரியட், மூன்று நான்கு பேராகச் சேர்ந்துதான் பார்க்க முடிந்தது. அங்கே நினைவில் நிற்பது உரிமை. இங்கே நிற்பது மரியாதை கலந்த பயம். கணினி என்றால் யாரோ அனுமதி கொடுத்தால் தொட வேண்டிய பொருள் என்ற எண்ணம் பல ஆண்டுகள் நம்மிடம் தங்கியதற்கு அந்தப் பூட்டும் ஒரு காரணம்.

முதல் இயந்திரம் பழக்கிய பழக்கம் எளிதில் போவதில்லை. நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இணையத் தொடர்பே இல்லாத டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 வைத்து எழுதுவதாக 2014-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். எழுத்துக்கு மேல் எதையும் செய்யாத கருவி அவருக்குப் போதும். பில் ஜாய் எழுதிய விஐ தொகுப்பானில் கர்சரை நகர்த்த எச், ஜே, கே, எல் விசைகள். அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அந்த நான்கின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சிட்டிருந்தன. முனையம் அருங்காட்சியகத்துக்குப் போன பிறகும் நிரலாளர்களின் விரல்கள் அதே நான்கில் நிற்கின்றன. ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் தாத்தாவின் கமோடோர் விக்-20-இல் தொடங்கி, பிறகு சின்கிளேர் க்யூஎல் வாங்கினார். அங்கே அதற்கு மென்பொருள் கிடைப்பது அரிது என்பதால் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிப் பழகினார். லினக்ஸ் அதற்குப் பிறகு வந்தது.

இந்தப் பிரியம் மறைக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்து விளம்பரங்களைப் புரட்டினால் விசைப்பலகை முன்னால் பெரும்பாலும் பையன்தான், பக்கத்தில் பூரித்து நிற்பது அப்பா. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1980-களின் நடுவில் சுமார் 37 சதவீதம். அதன்பின் இறங்கத் தொடங்கி இருபதுக்கும் கீழே போனது. வீட்டுக் கணினியைப் பையனின் பொம்மையாக விற்றதே முக்கியக் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். பிபிசி மைக்ரோவை உருவாக்கியவர்களில் ஒருவரான சோஃபி வில்சன் ஒரு பெண் என்பதை நினைத்தால் இந்த இழப்பு இன்னும் உறுத்துகிறது. அந்தக் காலத்தை மீட்க நினைப்பவர்கள் இதை மட்டும் மீட்காமல் விட வேண்டும்.

மீட்கும் முயற்சிகளில் மதிப்புக்குரியது ராஸ்பெரி பை. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் மாணவர்களின் எண்ணிக்கையும் முன் அனுபவமும் குறைந்துகொண்டே வருவதை எபென் அப்டன் கவனித்தார். வீட்டில் திறந்து பார்க்க, கெடுத்துப் பார்க்க ஒரு கணினி இல்லாததே காரணம் என்ற முடிவுக்கு வந்தார். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு முதல் பலகை விற்பனைக்கு வந்தது. மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள் பிபிசி மைக்ரோவுக்குச் செலுத்திய மரியாதை. உள்ளே ஓடுவது ஏஆர்எம் செயலி. 2020-இல் வந்த ராஸ்பெரி பை 400 விசைப்பலகைக்குள்ளேயே மொத்தக் கணினியையும் வைத்துக்கொண்டது.

ஸ்பெக்ட்ரமைத் தொட்டுப் பார்க்க இப்போது பணம்கூட வேண்டியதில்லை. சின்கிளேரின் கணினித் தொழிலை 1986-இல் வாங்கிய ஆம்ஸ்ட்ராட், அதன் நிரந்தர நினைவக நிரலை, பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்களான போலிப்பான்களோடு சேர்த்து வழங்கப் பின்னாளில் அனுமதி கொடுத்துவிட்டது. அதனால் எந்தக் கணினியிலும் அந்த வெள்ளைத் திரையை வரவைக்கலாம். ஃபியூஸ் போன்ற போலிப்பான்களில் நாடாவை நொடியில் ஏற்றிவிடும் வசதியும் உண்டு, அதை அணைத்துவைக்கும் வசதியும் உண்டு. வீட்டில் பத்து வயதில் ஒரு பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அணைத்துவிட்டு, 'ஜே' விசை எங்கே என்று மட்டும் காட்டிக்கொடுத்து, பட்டைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.