சீத்தையின் சிவப்பு வந்த வழி

"நானா, இது எந்த ஊர்ச் சாமான்?" என்று கேட்டேன். "இந்தியாச் சாமான் தாத்தா, ஜெய்ப்பூர் கொட்டன்" என்றார் கடைக்காரர். கண்டி–மாத்தளை வீதியில் அக்குறணைக் கடைகளில் இப்போது இந்தத் துணிக்கு நல்ல ஓட்டம். நான் எடுத்தது வெள்ளைப் பருத்தியில் சிவப்புப் பூவும் கறுப்புக் கொடியும் அச்சடித்த நீளச் சட்டை. வீட்டில் வெயிலில் விரித்துப் பார்த்தேன். ஒரு சாணுக்கு ஒருமுறை கொடி சற்றே விலகி மறுபடி தொடங்கியது. இரண்டு அச்சு சேரும் இடத்தில் ஒரு இதழ் இன்னொன்றின் மேல் ஏறி, அங்கே மட்டும் நிறம் கருஞ்சிவப்பாய்த் தடித்திருந்தது. யாரோ ஒருவர் மரக்கட்டையைச் சாயத்தில் தொட்டு, துணியில் வைத்து, கையால் குத்தியிருக்கிறார். அந்தக் கையைத்தான் தேடத் தொடங்கினேன்.

ஜெய்ப்பூர் என்று கடையில் சொன்னால் பெரும்பாலும் அதன் பக்கத்திலுள்ள சாங்கானேரும் பக்ருவும்தான். சீப்பா சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக அச்சுக்கட்டை பிடிக்கும் ஊர்கள். வெள்ளைத் தரையில் மெல்லிய பூ சாங்கானேர் வழக்கம். என் சட்டை அந்தப் பக்கத்தது என்றே நினைக்கிறேன்.

அத்தோடு விட்டிருப்பேன். ஆனால் கண்டிக்குப் பக்கத்திலுள்ள தெகல்தொருவ விகாரையின் சுவரோவியங்கள் நினைவுக்கு வந்தன. 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் தீட்டியவை. அவற்றில் வரும் மனிதர்களின் இடுப்பில் பூப்போட்ட துணி இருக்கிறது. கண்டிப் பிரதானிகள் உடுத்த சோமன் துணிகளில் பல தென்னிந்தியாவில் எழுதியும் அச்சடித்தும் வந்தவை. அப்படியானால் இந்த மலைக்கு அச்சுத்துணி புதிதல்ல. யார் கொண்டுவந்தார்கள்?

இந்தக் கேள்வி என்னை நம் கண்டி முஸ்லிம் சனத்திடமே கொண்டுவந்து நிறுத்தியது. கண்டி இராச்சியத்தின் பாக்கு சோழமண்டலக் கரைக்குப் போனது. அங்கிருந்து துணியும் அரிசியும் வந்தன. கரையிலிருந்து மலைக்குப் பாதை என்று ஒன்றும் பெரிதாக இல்லாத காலம். பொதிமாடுகளின் முதுகில்தான் எல்லாம் ஏறியது. அரசனின் பொதிமாட்டுப் போக்குவரத்தைப் பார்த்த 'மடிகே பத்த' என்னும் பகுதியில் முஸ்லிம்கள் முக்கிய இடம் வகித்தார்கள். வரலாற்றாசிரியர் லோனா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூல் இதை விரிவாகச் சொல்கிறது. பாக்கும் மிளகும் இறங்க, உப்பும் கருவாடும் துணியும் ஏறின. 1766 ஒப்பந்தத்தில் கரை முழுவதையும் ஒல்லாந்தர் எடுத்துக்கொண்ட பிறகு கண்டிக்குத் துறைமுகமே இல்லை. உப்புக்கும் துணிக்கும் அவர்கள் தயவை நாட வேண்டியதாயிற்று.

தேடலில் என்னை மிகவும் அசைத்தது அந்தச் சிவப்புதான். சோழமண்டலத் துணிகளின் சிவப்பு சாயவேர் என்ற சிறு செடியின் வேரிலிருந்து வந்தது. சுண்ணாம்புச் சத்துள்ள கரையோர மணலில் வளர்ந்த வேருக்கு மதிப்பு அதிகம். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேர் விளைந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அதைத் தோண்டுவது அரசின் தனியுரிமை. அச்சு வேலை நடக்கும் விதம் அற்புதமானது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவார்கள். இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரைக் கட்டையில் தொட்டு வைத்தால், கடுக்காய் ஏறிய துணியில் உடனே கறுக்கும். சிவப்புக்கு வைப்பது படிகாரக் கரைசல். வைக்கும்போது சிவப்பே இராது. ஓடும் நீரில் அலசி, சாயவேர் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஊன்றிக்கொள்ளும். ஆந்திராவில் மசூலிப்பட்டினத்தை அடுத்த பெடனாவில் தேக்குக் கட்டைகளோடு இந்தக் கட்டையச்சு இன்றும் நடக்கிறது.

இந்தத் துணிக்கு ஐரோப்பாவே அஞ்சியது. தன் நெசவாளரைக் காக்க 1686இல் பிரான்சும் 1700இலும் 1721இலும் இங்கிலாந்தும் தடைச்சட்டம் போட்டன. பிறகு இயந்திர அச்சு மலிவாய் வந்தது. 1869இல் அலிசரின் என்ற செயற்கைச் சிவப்புக்குக் காப்புரிமை பெற்றார்கள். சாயவேரின் கதை முடிந்தது. என் உம்மும்மா காலத்தில் பூப்போட்ட எதுவும் சீத்தைதான். கையச்சா ஆலையச்சா என்று பிரித்துக் கேட்க ஆளில்லை.

கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கண்டி முஸ்லிம்களின் வரலாறு என்றால் அரசவை வைத்தியரையும் பள்ளிவாசல் காணியையும் சொல்கிறோம்; மாட்டின் முதுகில் ஏறிவந்த துணியைச் சொல்வதில்லை. உங்கள் வீட்டுப் பெட்டகத்தின் அடியில் சிவப்பும் கறுப்புமாய் ஒரு பழந்துணி கிடந்தால் வெட்டித் தலையணை உறை தைக்காதீர்கள், சவர்க்காரத்தூளில் ஊறவைக்காதீர்கள். வெள்ளைத் துணியில் சுற்றி, கண்டி தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் காட்டுங்கள்.