நீமோ வீட்டு வாசலில்...

அந்தமான், ஹேவ்லாக் தீவு. 2018-லிருந்து பேரு ஸ்வராஜ் தீவு. முதுகில் சிலிண்டர், மனசுல 'மூச்சு விட முடியுமா?'ங்கிற உதறல். பத்து மீட்டர் இறங்கினதும் பயம் போயே போச்சு!

முதல் தரிசனம், கடல் சாமந்திக்குள் ஒளிஞ்சிருந்த கோமாளி மீன். அதாங்க, நம்ம நீமோ! இதுங்க எல்லாமே ஆணாத்தான் பிறக்கும். கூட்டத்துத் தலைவி செத்துட்டா, பெரிய ஆண் பெண்ணா மாறிடும். படத்துல காட்டாத ட்விஸ்ட்!

பாறை இடுக்கில் அஞ்சாலை மீன் வாயைத் திறந்து திறந்து மூடுது. கடிக்க வருதுன்னு பதறாதீங்க, மூச்சு விடுது, அவ்வளவுதான். கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கிற 'கறுக் மொறுக்' காதுலயே கேட்குது. தின்ன கல்லு, வெள்ளை மணலா வெளியே வருது. கரையில நாம போஸ் கொடுத்த மணல்ல அதுவும் கலந்திருக்கு!

நடுவுல ஒரு இடம் மட்டும் பவளம் செத்து, பாசி படிஞ்சு கிடந்துச்சு. கடல் சூடானா, தனக்குள்ள குடியிருந்து சோறு போடுற நுண்பாசியையே பவளம் வெளியே தள்ளிடும். வெளுத்துப்போய் பட்டினி கிடக்கும். சூடு நீடிச்சா சாவுதான். 2010-லும் 2016-லும் அந்தமான் பட்ட பாடு இது. மீண்டு வளர வருஷக்கணக்காகும். நம்ம கால் பட்டா ஒடிய ஒரு நொடி போதும்.

போனா, கண்ணால பாருங்க. கையைக் கட்டிக்குங்க. அது அவங்க வீடு பாஸ்!