பூனைக்கு ஒரு சவுக்குக் கட்டை

பழவேற்காட்டுக் குப்பங்களில் எந்தப் பூனை யாருடையது என்று கேட்டால் நேரான பதில் வராது. காலையில் ஒரு வீட்டில் மீன் தலை, மத்தியானம் இன்னொரு வீட்டுத் திண்ணை, சாயங்காலம் படகு கரையேறும் இடம். லைட்ஹவுஸ் குப்பத்தில் வலையை உதறி மடவையையும் கெளுத்தியையும் பிரிக்கும்போது, காகத்துக்கும் கொக்குக்கும் நடுவே கொஞ்சமும் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கும் அவற்றைப் பார்க்க வேண்டும். தனக்கு வரவேண்டியது வரும் என்ற நம்பிக்கை.

கோட்டைக்குப்பத்தில் என் சித்தி வீட்டிலும் அப்படி ஒன்று வந்து தங்கிவிட்டது. தங்கியது தப்பில்லை. மகள் கல்யாணத்தை ஒட்டித் தவணையில் வாங்கிய சோபாவின் கைப்பிடியை அது பஞ்சு தெரிகிற அளவுக்குப் பிராண்டி வைத்தது. சித்திக்கு ஆற்றாமை. “பால் ஊத்துறவ வீட்டையே கிழிக்குது பாரு!”

சித்தியின் மாமியார், நாங்கள் ஆயா என்று கூப்பிடுகிறவர், இதற்கெல்லாம் அசரவில்லை. அவர் காலத்துக் கூரை வீட்டிலும் பூனை இருந்தது. பனங்கட்டைத் தூண் இருந்தது, தேங்காய் நார்க் கயிறு இருந்தது, கரையில் கட்டுமரம் கிடந்தது. எதில் பிராண்டினாலும் யாரும் கவனித்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கான்கிரீட் வீடுகள் பெருகின. வழவழப்பான தரை, சுண்ணாம்புச் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி. நகம் பதிகிற மாதிரி வீட்டுக்குள் மிஞ்சியது சோபா மட்டும்தான். பூனை வேறு எங்கே போகும்?

பிராண்டாமல் அதற்கு முடியாது என்பதைத்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். நகத்தின் மேலோடு பழசாகிக் கழல வேண்டும். அதற்கு உரசல் வேண்டும். தூங்கி எழுந்ததும் முன்னங்காலை ஊன்றி முதுகை நீட்டிக்கொள்ளவும் ஒரு பிடிமானம் வேண்டும். அதோடு, விரல்களுக்கு நடுவே உள்ள சுரப்பிகளிலிருந்து ஒரு வாசனை இறங்குகிறது. ‘இது என் இடம்’ என்று மற்ற பூனைகளுக்குச் சொல்கிற அடையாளம் அது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் ‘பாடு’ முறை வைத்துத் தீர்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். பூனையும் தன் பாட்டைக் குறித்து வைக்கிறது. ஊர்க்கூட்டம் போடாமல் நகத்தாலேயே வேலையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

பூனையை விரட்ட அக்கம்பக்கத்தார் சொன்ன யோசனைகள்தான் எனக்குப் பயமாக இருந்தன. சோபாவுக்கு அடியில் பினாயில் தெளிக்கச் சொன்னார் ஒருவர், அந்துருண்டை போடச் சொன்னார் இன்னொருவர், நீலகிரித் தைலம் தடவச் சொன்னார் மூன்றாமவர். மூன்றுமே பூனைக்கு விஷம். பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகவும் குறைவு. காலில் பட்டதை அது நக்கித்தான் சுத்தம் செய்யும். நக்கினால் நேரே வயிற்றுக்குள். அடிப்பதும் உதவாது. அடிக்கிற ஆளைக் கண்டால் ஓடும், ஆள் போனதும் வந்து பிராண்டும். வெளிநாடுகளில் சிலர் நகத்தையே எடுத்துவிடுகிறார்கள். நகம் மட்டும் போவதில்லை, ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்போடு வெட்டுகிறார்கள். நியூயார்க் மாநிலம் 2019-இல் அதைத் தடை செய்தது. சோபாவுக்காக விரல் நுனியை வெட்டுகிற யோசனை எந்த மனசில் உதித்ததோ.

சித்தப்பாவிடம் கட்டுவலைக்கு ஊன்றுகிற சவுக்குக் கட்டை ஒன்று மிச்சம் இருந்தது. அதில் என் இடுப்பு உயரத்துக்கு அறுத்து, கனமான பலகையில் அறைந்து, மேலிருந்து கீழ்வரை நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றினோம். பூனை முழு உடம்பையும் நீட்டி எட்டுகிற உயரம் வேண்டும், இழுத்தால் ஆடக் கூடாது. ஒரு தடவை சாய்ந்துவிட்டால் மறுபடி பக்கத்தில் வராது. படகில் கிடந்த பழைய கயிறு வேண்டாம் என்று புதுக்கயிறு வாங்கினோம், டீசல் நாற்றத்துக்காக. நைலான் கயிறும் நரம்பு வலைத் துண்டும் கூடவே கூடாது. நகம் கண்ணியில் மாட்டும். இழை பிரிந்து வயிற்றுக்குள் போனால் குடலைச் சுருட்டி அறுத்துவிடும். மீன் வாசனை ஏறிய வலைத்துண்டு வீட்டைச் சுற்றிக் கிடக்கிற ஊரில் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

கட்டையை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. சித்திக்கு அதைப் பின்கட்டில் போட ஆசை. பார்க்க நன்றாக இல்லையாம். ஆனால் பூனை பிராண்டுவது நாலு பேர் நடமாடும் இடத்தில்தான், அதுவும் தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில். ஆகவே கட்டை சோபாவின் கைப்பிடியை ஒட்டியே நின்றது. கைப்பிடிக்கு வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றினோம். பழகிய பிறகு கட்டையைத் தினம் சாண் சாணாக நகர்த்திக்கொள்ளலாம்.

பூனை அதை மோந்துவிட்டுப் போய்விட்டது. ஆயாதான் வழி சொன்னார். வேலியோரம் குப்பைமேனிச் செடி தானாக முளைத்துக் கிடக்கும். அதை வேரோடு பிடுங்கினால் பூனை தேடி வந்து புரளும். அதன் இன்னொரு பெயரே பூனைவணங்கி. வேரைக் கசக்கிக் கயிற்றில் தேய்த்தோம். பூனை வந்து முகத்தை உரசி, கன்னத்தை உரசி, கடைசியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பிராண்டியதே பிராண்டல்! அப்போதே ஒரு கருவாட்டுத் துண்டு கொடுத்தார் சித்தி, உப்பைக் கழுவிவிட்டு.

நகம் வெட்டலாமா என்று கேட்டார்கள். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைக்குச் சில வாரத்துக்கு ஒருமுறை, ரோஜா நிறத்தில் ரத்தம் ஓடும் பகுதியைத் தொடாமல், வெளுத்த நுனியை மட்டும் வெட்டலாம். குப்பத்தில் நாய்கள் அதிகம். துரத்தினால் பூனை மரமேற நகம்தான் துணை. விட்டுவிடுங்கள் என்றேன்.

இப்போது அந்தப் பூனையோடு ஒரு குட்டியும் சேர்ந்திருக்கிறது. அதற்குக் கட்டை பிடிக்கவில்லை, பக்கத்தில் உள்ள ஜமீலாபாத்தில் வாங்கிய பனையோலைக் கூடையைப் படுக்கப்போட்டுப் பிராண்டுகிறது. படுக்கைவாட்டில்தான் பிராண்டுவேன் என்கிற பூனைகளும் உண்டு. கூடையை ஆணியில் மாட்டிவிட்டு, பலகையொன்றில் சாக்கை அறைந்து தரையில் போடச் சொல்லியிருக்கிறேன். சாக்கு கிடைத்துவிட்டதாம், சித்தப்பா இன்னும் பலகை தேடுகிறார்.